தில்லையண்ணன் சிரித்த ஷாட்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மயிலாடுதுறையில் வீடியோ கடை வைத்திருக்கிறேன், மாதா கோயில் தேரும் எடுப்பேன், மாரியம்மன் தீமிதியும் எடுப்பேன், சாமியாடுகிறவர்களைக் கிட்டத்தில் ஃபோகஸ் வைத்துப் பார்த்துப் பார்த்து எதன்மேலும் பயமில்லாமல் போய்விட்டது. நீங்கள் இப்போது உதட்டோரம் சிரிக்கிறீர்களே, அந்தச் சிரிப்பை நானும் நிறையப் பேரிடம் சிரித்திருக்கிறேன். ஆனால் இது ராத்திரியில் நடந்ததில்லை. பட்டப்பகலில், சுற்றி ஆள் இருக்கும்போது, என் கேமராவுக்கு முன்னால் நடந்தது.

தில்லைநாதன் என்று ஒரு டைரக்டர். சென்னையில் அவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. குத்தாலம் பக்கத்து விவசாயி. நடவு முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிடும் நாட்களில் படம் எடுப்பார், வயலில் வேலை வந்துவிட்டால் பேக்கப். கூலியாட்கள், டீக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார் எல்லாரும் நடிகர்கள். மழை வேண்டுமென்றால் பம்புசெட்டில் ஹோஸ் மாட்டிப் பீய்ச்சுவார். டிராக்டர் டிரெய்லரில் என்னையும் கேமராவையும் ஏற்றி வாய்க்கால் கரையில் ஓட்டினால் அதுதான் டிராலி. தியேட்டர் எவனும் தரமாட்டான், கல்யாண மண்டபத்தில் திரை கட்டிப் போடுவார். "சேவியரே, படத்துல எவன் மூஞ்சி இருக்கோ அவன் சொந்தக்காரன் அத்தனை பேரும் வருவான், இதுக்கு மேல என்னய்யா விளம்பரம்" என்று என்னிடம் சொல்வார். ஜனங்கள் அழவேண்டிய இடத்தில் சிரிப்பார்கள், அதற்கும் கோபப்படமாட்டார். ஊர் அவரைக் கிறுக்கன் என்றது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

கடைசிப் படத்தில் ஒரு சாவு வீடு. செத்துப்போன அப்பா படத்தில் பிணமாக மட்டும்தான் வருவார். அதற்குப் பேசி வைத்திருந்த ஆள், வீட்டில் திட்டுகிறார்கள் என்று காலையிலேயே போனை அணைத்துவிட்டார். "எவனும் வேணாம், நானே படுத்துக்கிறேன்" என்று அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் படுத்துவிட்டார். முந்தின நாள் அவருக்கு நெஞ்சு வலித்ததும், போகக்கூடாது என்று அவர் மனைவி வசந்தா அண்ணி மறித்ததும், இவர் கேட்காமல் கிளம்ப, அண்ணி பேச்சுக் கொடுக்காமல் உள்ளே போய்விட்டதும் எங்களுக்கு அப்போது தெரியாது.

மாலை போட்டு, மூக்கில் பஞ்சு வைத்து, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டினோம். சீர்காழியிலிருந்து வந்த நாடக நடிகை மல்லிகாதான் பெண்டாட்டி வேஷம். அந்தம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அழுதார்கள். ஒவ்வொரு கோணமாக மாற்றி மாற்றி எடுத்தேன். வெயில் ஏறியது, ஈ மொய்த்தது, அண்ணன் அசையவில்லை. என்னமாய் நடிக்கிறார் மனுஷன் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் காட்சி முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கவேண்டும், அதையும் ஒரு ஷாட்டாக எடுத்துவிட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள். இல்லாவிட்டால் நிஜமாகவே ஏதாவது நடந்துவிடும் என்று பயம். அண்ணன் இதையெல்லாம் பேட்டரிக்குப் பிடித்த கேடு என்பவர். மல்லிகாம்மா விடவில்லை. "எந்திரிச்சு ஒரு தடவை சிரிச்சிருங்க சார், இல்லன்னா நான் இந்த வெள்ளைப் புடவையோட பஸ் ஏறமாட்டேன்" என்று நின்றார். நான் கேமராவை ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். நெற்றிக்காசு மடியில் விழுந்தது, அதை எடுத்துத் திரும்ப ஒட்டிக்கொண்டு, நேராக லென்ஸைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். "போதுமாம்மா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். "செத்த நேரம் கண்ணை மூடிக்கிறேன், அடுத்து ஆத்தங்கரை" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். அதற்குள் வாசலில் பூசணிக்காய் உடைபட்ட சத்தம் கேட்டு எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள், நானும் கேமராவை நிறுத்திவிட்டுப் போனேன்.

திரும்பி வந்து தொட்டால் கை மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "உயிர் போயி ரெண்டு மூணு மணி நேரம் ஆயிருக்கும். இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" இப்போதான் சார் எழுந்து சிரித்தார் என்று மல்லிகாம்மா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சாவுக்கு வந்த கூட்டத்தில் அண்ணி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வலியில துடிச்சாரா தம்பி? நான் ஒரு வார்த்தை பேசி அனுப்பலையே." நான் சொன்னேன், "இல்லண்ணி, சிரிச்சாரு. கேமராவில இருக்கு, தர்றேன்."

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். முதல் கோணத்தில் வயிறு லேசாக ஏறி இறங்குகிறது. அடுத்ததில் இல்லை. அதற்கப்புறம் எதிலுமே இல்லை. கடைசியாக அந்தச் சிரிப்பு ஷாட். நம்பினால் நம்புங்கள், அண்ணன் எழவே இல்லை. பஞ்சும் காசும் வைத்தது வைத்தபடி கிடக்கிறார், ஈ ஒன்று உதட்டில் நடக்கிறது. எங்கள் குரல்கள் மட்டும் கேட்கின்றன. மல்லிகாம்மா "அப்பாடா" என்கிறார், நான் "அண்ணே, சூப்பர்ண்ணே" என்கிறேன், எல்லாரும் ஒரு பிணத்தைப் பார்த்துச் சிரிக்கிறோம். மல்லிகாம்மாவுக்குப் போன் போட்டேன். சிரித்தார், காசை எடுத்து ஒட்டிக்கொண்டார் என்று அந்தம்மா பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். நான் பார்த்ததும் அதுதான்.

அண்ணிக்கு எப்படிக் கொடுப்பது? எடிட்டிங் ஆகவில்லை, அது இதுவென்று சாக்குச் சொல்லிக் காரியம் முடியும்வரை ஓட்டினேன். ஒருநாள் அவரே கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போட்டேன்.

அண்ணி திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் இளகியது. "காசை எடுத்து ஒட்டிக்கிறதைப் பாருங்க. குறும்பு போகலை" என்றார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "வலி இருக்கிறவங்க இப்படிச் சிரிக்கமாட்டாங்க தம்பி. எனக்கு இது போதும்." அதே திரையை அதே நேரத்தில் நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கிடந்தது கிடந்தபடியே கிடந்தார். காசு விஷயத்தை அண்ணியிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, மல்லிகாம்மாவிடமும் கேட்டுவிட்டேன். அண்ணியின் போனில் ஏற்றிக்கொடுத்தேன்.

தினமும் பார்க்கிறாராம். பார்த்தால்தான் தூக்கம் வருகிறதாம். போன மாதம் போன் பண்ணினார். குரல் தெளிவாக இருந்தது, மனுஷி தேறிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். பேச்சுவாக்கில் சொன்னார்:

"தம்பி, முன்ன நான் கவனிக்கலை. திரும்பப் படுக்கிறாருல்ல, அப்ப உங்களைப் பார்த்து ஏதோ கேக்குறாரு. நீங்க பதிலே சொல்லலையே?"

"என்ன கேக்குறாரு அண்ணி?"

"'சேவியரே, கட் சொல்லிட்டியா?'ன்னு. ஒவ்வொரு தடவையும் கேக்குறாரு."

அவர் படுத்துக் கிடந்ததால் அன்றைக்குக் கட் சொல்லவேண்டியவன் நான்தான். அந்த ஷாட்டை மறுபடி ஓடவிட்டுக் கடைசிவரை காது கொடுத்துக் கேட்டேன். பூசணிக்காய் உடையும் சத்தத்தோடு நின்றுபோகிறது. நான் சொல்லவில்லை.

இப்போதும் சில நாள் கடையைப் பூட்டுமுன் அதைத் திறந்து பார்க்கிறேன். அந்த ஒரு வார்த்தை வாய்வரை வருகிறது. சொல்லிவிட்டால் அண்ணன் அங்கிருந்து போய்விடலாம், அதன்பிறகு அண்ணிக்கும் நான் பார்க்கிற பிணம்தான் தெரியும். அதனால் இன்றுவரை சொல்லவில்லை.