மரம் பிடித்துக்கொள்ளும்

ஏறும்போது காலில் மாட்டும் தளைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, தென்னையிலிருந்து இரண்டடி தள்ளி, சோலைச்சாமி குதிகால்களைச் சேர்த்துக் கண்ணை மூடி நிற்பார். உடம்பு ஆடாவிட்டால் ஏறுவார். ஆடினால், கயிற்று முடிச்சைச் சரிபார்ப்பதுபோல் குனிந்து உட்கார்ந்துவிட்டு, மறுபடியும் எழுந்து நிற்பார். கீழே காய் பொறுக்கும் பேச்சிமுத்து அவர் சாமி கும்பிடுவதாக நினைத்திருக்கிறான்.

“என்ன மாமா, மரத்துட்ட உத்தரவு கேக்கீகளா?”

“அது அப்பவே குடுத்துருச்சு. ஒனக்குத்தான் கீழ நிக்க இன்னும் குடுக்கல. தள்ளி நில்லுலே.”

வன்னியம்பட்டிக்காரர். ஐம்பது வயது இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டு மரங்கள் முதல் ராஜபாளையம் தோப்புகள் வரை அவர்தான் காய் வெட்டுகிறார். மரம் உரசி உரசி நெஞ்சுத் தோல் காய்ப்பேறிக் கறுத்திருக்கிறது. பீடியை விட்டாயிற்று. அது இருந்த காதில் இப்போது ஓர் ஈர்க்குச்சி. யார் வீட்டுத் தம்ளரிலும் தண்ணீர் குடிப்பதில்லை. இளநீரைக் காயோடு உறிஞ்சிவிட்டு, கூட்டைத் தானே தூரக் கொண்டுபோய் எறிவார். அவருக்குக் காசநோய்.

இது இரண்டாவது தடவை. முதல் தடவை ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார். இருமல் நின்றதும் இவரும் நிறுத்திவிட்டார். நிறுத்தக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்பார் என்னிடம். “மரத்துல ஏத்தி விடுதவன் எந்த மட்டை காஞ்சதுன்னு சொல்லணும்லா தாயி? சொல்லல. பிடிச்சேன், கையோட வந்துருச்சு.”

இப்போது பார்க்கும் அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பரிபூரணம் எல்லாவற்றையும் சொன்னார். தினமும் போடும் ஊசி நோயைக் கட்டுப்படுத்தும். ஆனால் சிலருக்குக் காதுக்குள் கெடுதல் செய்து நிலைதடுமாற வைக்கும். கெட்டது பிறகு சரியாகாமலும் போகலாம். தலை சுற்றினால் உடனே சொல்ல வேண்டும், ஊசியை நிறுத்திவிடலாம். அதன்பின் மாத்திரை மட்டும் போதுமா என்று உறுதி சொல்ல முடியாது. கண்ணை மூடி நிற்கும் சோதனையையும் அவர்தான் செய்துகாட்டினார். மரம் ஏறக்கூடாது என்றார். அதற்கு மட்டும் சோலைச்சாமி தலையாட்டவில்லை.

“ரெண்டுல எது முந்திக் கொல்லும்?” என்று கேட்டார்.

டாக்டர் யோசித்துவிட்டு, “நோய்தான், ஐயா” என்றார்.

“அப்பம் ஊசியப் போடுங்க.”

சில வாரங்களில் அவருக்குத் தரை ஆடத் தொடங்கியது. டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. விளக்கு அணைந்தால் சுவரைத் தடவித்தான் நடக்கிறார். யாராவது கூப்பிட்டால் சட்டென்று திரும்புவதில்லை. முழு உடம்பையும் மெதுவாகத் திருப்புகிறார். மரத்தில் மட்டும் தொந்தரவு இல்லையாம். “மரம் பிடிச்சுக்கிடும். தரையிலதான் பிடிக்க ஒண்ணுமில்ல.”

மனைவி அய்யம்மாளுக்கு இதில் நம்பிக்கை இல்லை. எங்கள் பின்கட்டிலேயே ஒருநாள் சண்டை பிடித்தார்.

“டாக்டரம்மாட்ட நானே சொல்லிருதேன்.”

“சொல்லு. ஊசிய நிப்பாட்டுவாக. பொறவு சாம்பச்சட்டில நான் துப்புத ரத்தத்த நீதான் அள்ளணும் ஏட்டி.”

“மரத்துல இருந்து விழுந்தா மட்டும் யாரு அள்ளுவா?”

அவர் ஈர்க்குச்சியை எடுத்து மறு காதில் செருகிக்கொண்டார்.

போன வாரம் என் அத்தையின் மருந்துக்காக நானும் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தேன். சோலைச்சாமியோடு அய்யம்மாளும் வந்திருந்தார். சொல்லிவிடத்தான் வந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. விழுந்தால் பிடித்துக்கொள்வதற்காக டாக்டர் அவரைக் கணவருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். சோலைச்சாமி குதிகால்களைச் சேர்த்துக் கண்ணை மூடினார். கால்விரல்கள், மரத்தைக் கவ்வுவதுபோல், சிமெண்ட் தரையைக் கவ்வின.

“தலை சுத்துதா?”

“இல்ல டாக்டரம்மா.”

அவர் தோள்கள் மெல்லப் பின்னால் சாயத் தொடங்கின. டாக்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அய்யம்மாள் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, ஒரு விரலை நீட்டி அவர் முதுகில் வைத்தார்.