சிகாமட் ஓடையும் செட்டியாரின் புளித்த தண்ணீரும்

லாபிஸிலிருந்து சிகாமட் பக்கம் சைக்கிளில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போனது சென்ற மாதம், மழை பிடிப்பதற்கு முன்னால். ஊர் பார்க்கப் போகவில்லை. என் தங்கை அஞ்சலை இருக்கும் எஸ்டேட் கூலிவீட்டு வரிசையான லயத்தில் ஓடைத் தண்ணீர் புளித்து நாறுகிறது, அவள் பிள்ளைகள் இரண்டும் வயிற்றுப்போக்கில் கிடக்கின்றன என்று ஒரு லோரிக்காரர் சேதி கொண்டுவந்தார். மூவரையும் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று கிளம்பினேன்.

தூரம் இருபது மைல் சொச்சம். விடிந்ததும் கிளம்பினால் உச்சிவெயிலுக்கு முன் சேரலாம் என்பார்கள். அது சண்டைக்கு முன், காற்றடைத்த டயர் கிடைத்த காலத்துக் கணக்கு. சைக்கிள் கடை வைத்திருக்கும் எனக்கே இப்போது கெட்டி ரப்பரை வளைத்துக் கட்டிய சக்கரம்தான். போய்ச் சேர மதியம் இரண்டு மணி ஆனது, முதுகெலும்பு எத்தனை என்று எண்ணிச் சொல்லிவிடுவேன். பாலத்துக் காவலில் ஜப்பான் சிப்பாய் நிற்பான். தூரத்திலேயே இறங்கி, நன்றாகக் குனியுங்கள். எனக்கு முன்னால் போனவர் அரைகுறையாகக் குனிந்து கன்னத்தில் வாங்கிக்கொண்டார். வழியில் மலாய்க்காரர் கிராமமான ஒரு கம்பத்தின் கடையில் கோப்பி குடித்தேன், விலை ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டு ஒன்று. சூடாக இருந்தது, அதற்கு மேல் புகழ முடியாது.

லயத்துக்குக் கால் மைல் இருக்கும்போதே நாற்றம் வந்துவிட்டது. மேட்டில் சொக்கலிங்கம் செட்டியாரின் மரவள்ளி மாவு ஆலை. அரிசி கிடைக்காத இந்நாளில் அந்த மாவுதான் சோறு. ஆனால் கிழங்கு கழுவிய தண்ணீர் அத்தனையும் ஓடைக்குள் போகிறது. கீழே லயத்துக்குக் குடிக்கவும் குளிக்கவும் அந்த ஒரே ஓடைதான்.

அஞ்சலை வரமாட்டேன் என்றுவிட்டாள். அவள் புருஷன் வீராசாமியைச் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

“அவரு திரும்பி வந்தா இந்த வீட்டுக்குத்தான் வருவாரு. பூட்டிக் கெடந்தா நாங்க செத்துட்டோம்னு நெனைச்சுக்க மாட்டாரா? தண்ணிய மாத்த முடியுமா பாருண்ணே, என்னைய மாத்தாதே.”

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மேடு ஏறினேன்.

ஆலை வாசலில் ஒரு பலகை. ஆற்றில் அழுக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று ஜப்பான் மொழியிலும் மலாய் மொழியிலும் எழுதியிருந்தது. அதை அடித்த அதே ஜப்பான் ஆபீஸ்தான் வாராவாரம் லோரி அனுப்பி மாவை அள்ளிக்கொண்டு, குறைந்தால் அதட்டுகிறதாம். செட்டியார் கெட்டவர் இல்லை. உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டுத்தான் பொருமினார்.

“எங்கப்பா வாங்குன நெலத்துல ஓடுற ஓடை இது. நேத்து வந்தவன் பலகை அடிச்சா தண்ணி அவனுதாயிருமா? அதுக்காகவே நிறுத்தமாட்டேன்.”

இவருடைய வீறாப்புக்கும் அவனுடைய பலகைக்கும் நடுவில் கிடப்பது என் தங்கை பிள்ளைகளின் வயிறு. எதிர்த்துப் பேசினால் வேலைக்காகாது என்று தெரிந்தது. அவர் பக்கமே சாய்ந்தேன்.

“தண்ணி உங்களுதுதான் செட்டியாரே. அப்ப நாத்தமும் உங்களுதுதானே, அதை ஏன் எல்லை தாண்ட விடுறீங்க? அவன் வந்து நிறுத்துனா ஓடை அவனுதுன்னு ஆயிரும். அதுக்கு முந்தி நீங்களே நிறுத்திட்டா, யாரு ஓடைன்னு ஊருக்கே தெரியும் லா.”

வெற்றிலையை மென்றபடி என்னையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, நான் சைக்கிள் பழுதுபார்க்கிறவனா வக்கீலா என்று கேட்டார். மறுநாள் காலையில் ஆலைக்குப் பின்னாலிருந்த அவருடைய சதுப்பு நிலத்தில் மண்வெட்டி விழுந்தது. லயத்து ஆட்களும் நானும் வரிசையாக மூன்று குழிகள் வெட்டி, கழிவுத் தண்ணீரை அங்கே திருப்பினோம். ஒரு வாரத்தில் ஓடையில் அடிமணல் தெரிந்தது. பலகையை மட்டும் செட்டியார் தொடவில்லை. நான் விடைபெறும்போது அதன்மேல் அவர் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

பலகை சொன்னது சரியான பேச்சுதான். ஆனால் மாவை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறவன் சொன்னால் யார் கேட்பார்கள்? சொத்து என்றால் அதன் அழுக்கும் சேர்த்துத்தான் சொத்து என்று எந்த முதலாளியிடமும் இனிமேல் தைரியமாகச் சொல்வேன்.

போகிறவர்கள் பயணப் பெர்மிட்டை மறக்காதீர்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். ரயிலில் வடக்கே போகிறவர்களுக்கு இன்னொன்று. சயாமிலிருந்து திரும்புகிறவர்களில் இடது புருவத்தில் தழும்புள்ள வீராசாமியைப் பார்த்தால் சொல்லுங்கள்: அதே லயம், அதே வீடு. கதவு திறந்திருக்கிறது, தண்ணீரும் நன்றாக இருக்கிறது.