ஒரே ஒரு டிங்கி

அவன் படகு இன்ஜின் மெக்கானிக். கையை எத்தனை தடவை கழுவினாலும் டீசல் வாடை போகாது. அதனால் படகுத்துறையில் எல்லாருக்கும் அவன் டீசல்தான். மாமியார் வீட்டில்கூட டீசல் மாப்பிள்ளை.

தீவை ஒட்டி, அலையாத்தி மரங்கள் தண்ணீரில் காலூன்றி நிற்கிற இடத்தில் நங்கூரம் போட்ட பழைய படகுதான் அவனுக்கும் மனைவிக்கும் வீடு. ஓடாத படகை வாங்கி, ஓட வைத்து, குடியும் வந்துவிட்டான். உள்ளே ஒரு கட்டில், அடுப்பு, ஜன்னலோரம் அவளுடைய தையல் மெஷின். மற்ற படகுகளுக்குக் கித்தான் உறை தைப்பது அவள் தொழில். கால் வலிக்க நடக்கலாம் என்றால் நாலு எட்டில் படகு முடிந்துவிடும்.

கரைக்குப் போய்வர டிங்கி ஒன்று உண்டு. துடுப்புப் போட்டுப் போகிற சின்னத் தோணி. காலையில் அதில் ஏறி வேலைக்குப் போனானென்றால் பொழுது சாயத்தான் திரும்புவான்.

ஒருநாள் சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்தபடியே அவள் சொன்னாள்.

"அண்ணன் மாடி ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்கானாம். ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன்னான். நான் அங்க போயிடறேங்க. நீங்களும் வர்றதுன்னா வாங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஏன், இங்க என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு ஒண்ணும் இல்ல. மூச்சு முட்டுது."

இன்ஜின் மூச்சு முட்டினால் மெக்கானிக் காற்று போகும் வழியைத்தான் பார்ப்பான். மனைவிக்கும் அதையே செய்தான். கூரையில் சதுரமாக அறுத்து ஒரு திறப்பு வைத்தான். குட்டி விசிறி வாங்கி மாட்டினான். புகை வெளியே போகட்டும் என்று அடுப்பை இடம் மாற்றினான். அவள் எல்லாவற்றையும் பார்த்து "நல்லாருக்குங்க" என்றாள். துணியை மடித்துப் பையில் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

சனிக்கிழமை அவனுக்கு லீவு. கூரைமேல் குப்புறப் படுத்து விசிறிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது, கீழே அவள் டிங்கியை அவிழ்த்தாள்.

"வாய்க்காலுக்குள்ள போய்ப் பார்த்துட்டு வரேன்."

தீவுக்குள் வளைந்து வளைந்து போகிற வாய்க்கால்கள். குடிவந்த நாளிலிருந்து தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தவை.

"சீக்கிரம் வந்துடு."

"பார்க்கலாம்." தினமும் காலையில் அவன் சொல்கிற அதே பதில்.

ஏறுகிற தண்ணீரோடு டிங்கி மரங்களுக்குள் மறைந்தது. சற்று நேரத்தில் அவனுக்கு ஒரு ஸ்க்ரூ குறைந்தது. கடை கரையில் கண்ணுக்கு எதிரே தெரிகிறது, போகத்தான் வழியில்லை. நீந்தலாமென்றால் நீரோட்டம் இழுக்கும். சரி, டீயாவது குடிப்போம் என்றால் பால் இல்லை. பின்பக்கம் போனான். முன்பக்கம் வந்தான். மறுபடியும் பின்பக்கம் போனான்.

பக்கத்துப் படகுச் சமையல்காரர் வெங்காயம் உரித்தபடியே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீசல், எலிப்பொறிக்குள்ள மாட்டின மாதிரி சுத்தறே?"

"வீட்டுக்காரி டிங்கிய எடுத்துட்டுப் போயிட்டா அண்ணே. ஒரு ஸ்க்ரூ வாங்கணும்."

"அடப்பாவி, அரைநாளைக்கே இந்தப் பாடா? தங்கச்சி தினமும் அங்கதான் நிக்கும், இப்ப நீ நிக்கற அதே இடத்துல. அன்னிக்கு நூல் தீர்ந்துபோச்சுன்னு என்கிட்ட கை காட்டுச்சு. எங்க முதலாளியும் டிங்கிய எடுத்துட்டுப் போயிட்டாரு. நான் என்ன பண்ண?"

டீசலுக்குச் சுருக்கென்றது. கூரையில் அறுத்த திறப்பைப் பார்த்தான். மூலை பிசகாத நல்ல சதுரம்.

மதியம் தண்ணீர் இறங்கியது. மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. அவளைக் காணோம். வாய்க்கால் வற்றினால் டிங்கி சேற்றில் உட்கார்ந்துவிடும், தண்ணீர் திரும்பும்வரை எழுந்திருக்காது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? தேடிப் போவதற்கும் அதே டிங்கிதான் வேண்டும். கூரைமேல் ஏறி நின்று வாய்க்கால் பக்கமே பார்த்தான்.

வெயில் தாழ்ந்து தண்ணீர் மறுபடி ஏறியபோது அவள் வந்தாள். முழங்கால்வரை சேறு, முகமெல்லாம் சிரிப்பு, மடியில் ஒரு பை.

"திரும்பி வர்றப்ப சேத்துல உக்காந்துடுச்சுங்க. சரின்னு நானும் அதுகூட உக்காந்துட்டேன். ரெண்டு பக்கத்து மரமும் மேல சேர்ந்து நல்ல நிழல். நண்டுங்கல்லாம் சினிமா பார்க்க வந்த மாதிரி என்னையே பார்க்குதுங்க! அந்த வாய்க்கால் எங்க போகுது தெரியுமா? சந்தைக்குப் பின்னாடியே போய் நிக்குது."

திட்டுவதற்கு அவன் நிறையச் சேர்த்துவைத்திருந்தான்.

"நூல் வாங்கினியா?" என்றான்.

அவள் துடுப்பை நிறுத்திவிட்டு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "வாங்கினேன். பாலும் வாங்கினேன்."

"இனிமே டிங்கி உன்கிட்டயே இருக்கட்டும். காலையில என்னைக் கரையில இறக்கிவிட்டுட்டு வந்துடு. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போ."

"நான் மறந்துட்டேன்னா?"

"கரையிலயே துண்டை விரிச்சுப் படுத்துக்கறேன்."

மறுநாள் கரையில் வண்டியை நிறுத்தி அண்ணன் கையை ஆட்டினான். அவள் டிங்கியில் பெரிய மூட்டை ஒன்றை ஏற்றிக்கொண்டு போனாள். அதைக் கை நீட்டி வாங்கும்போதே அண்ணன் முகம் சுளித்தான்.

"என்னம்மா இது, துணியா கல்லா?"

"படகு உறைடா. வந்ததும் வந்தே, இதைப் பெரிய துறையில கொடுத்துட்டுப் போ."

"அப்போ ரூமு?"

"பூட்டி வை. மழைக்காலத்துல பார்க்கலாம்."

திரும்பிய டிங்கி படகுப் பக்கம் வரவில்லை. நேரே வாய்க்காலுக்குள் புகுந்தது. டீசல் படகில் தனியாக நின்று அது மறையும்வரை பார்த்தான். பிறகு டீ போடப் போனான். பால் இருந்தது.