மாப்பிள்ளை கொடுத்த நிக்கல் நாணயம்

அந்தத் தையல்காரிக்கு மகள் என்றால் உயிர். பழைய நாணயம் என்றால் அதற்கும் ஒரு படி மேலே என்று மகளே கிண்டலடிப்பாள்.

பல வருடம் தேடியும் அகப்படாத நிக்கல் நாணயம் ஒன்றை, மகளுக்கு நிச்சயித்த மெக்கானிக் கொண்டுவந்து கொடுத்தபோது தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் கிளம்பியதுதான் தாமதம், தையல் மேஜைமேல் இருந்த குண்டூசி டப்பாவை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் டிஜிட்டல் தராசை வைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள், காற்றுப் பட்டால் எண் ஆடும். பித்தளை எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தாள். துல்லியம். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாணயத்தை வைத்தாள்.

ஆறு கிராம் இருக்க வேண்டியது, ஆறு புள்ளி ஒன்று நான்கு காட்டியது.

புழங்கிய நாணயம் தேய்ந்து எடை குறையும், கூடவே கூடாது. கூடினால் போலி.

அவனைப் போனில் அழைத்தாள். “வந்து உங்க காசை எடுத்துட்டுப் போங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

“என்னம்மா பண்ற நீ?” என்று மகள் ஓடி வந்தாள்.

“இந்தச் சம்பந்தம் வேண்டாம்டி. போலியைக் குடுத்துட்டு எப்படிச் சிரிச்சுக்கிட்டு நின்னாரு பாரு.”

“அவரையே யாராவது ஏமாத்தியிருக்கலாம்ல?”

“நாணயம் பார்க்கிறதுல அவரு புலின்னு நீதானே பீத்திக்கிட்டே?”

மகளின் கண்கள் நிறைந்துவிட்டன. தராசையும் நாணயத்தையும் அள்ளிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே மறுபடி நிறுத்துப் பார்த்தாள்.

“அம்மா, இங்க வாயேன்.”

சமையல் மேடையில் தராசு ஐந்து புள்ளி ஒன்பது எட்டு என்றது. தாய் நம்பவில்லை. தராசைத் தையல் மேஜைக்குத் தூக்கி வந்தாள். மறுபடி ஆறு புள்ளி ஒன்று நான்கு. சமையலறைக்கு ஓடினாள், ஐந்து புள்ளி ஒன்பது எட்டு. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. மேஜைக்கு அடியில் கையை விட்டுத் தடவினாள்.

காந்தம். குண்டூசி டப்பா நழுவாமலிருக்க, பலகைக்கு அடியில் அவளே ஒட்டிவைத்தது. பித்தளை எடைக்கல்லை அது சீண்டவில்லை. நிக்கல் நாணயத்தை மட்டும் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது.

“நல்ல காசுடி, அசல் காசு” என்று மகளைக் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வாசலில் பைக் வந்து நின்றது. வெளிறிய முகத்தோடு அவன் உள்ளே வந்தான்.

“அத்தை, என்ன ஆச்சு?”

அவள் எதையும் மறைக்கவில்லை. “உங்களைத் திருடன்னு நெனச்சுட்டேன், மாப்பிள்ளை. தப்பு என் மேஜை மேல. மன்னிச்சிடுங்க.”

அவன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“நல்லவேளை. வாங்கின கடையில நானே நாலு தடவை நிறுக்கச் சொன்னேன், அத்தை. கடைக்காரர் கடுப்பாகி, ‘யாருக்குய்யா இது’ன்னு கேட்டாரு. மாமியாருக்குன்னேன். அவரே அஞ்சாவது தடவை நிறுத்துக் குடுத்தாரு.”