தட்டில் வைத்த கொக்கு

ஒருவரிடம் உதவி கேட்பதற்கும் ஒருவரை விசேஷத்துக்கு அழைப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம்? இப்படி ஒரு கேள்வி ரமாபாய்க்குத் தோன்றியதாகத் தெரியவில்லை. அவர் தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் கற்கண்டு. குங்குமம் கிடையாது, வியாசர்பாடியில் அவர் வீட்டுச் சுவரில் இருப்பவர் புத்தர். கல்யாணப் பத்திரிகை இருக்க வேண்டிய இடத்தில் இருபத்து நான்கு பக்கப் படக்கதை ஒன்று.

வயது முப்பத்தெட்டு. திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்கு எடை பார்க்கும் எடைமேடையில் வேலை. ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏறும்வரை எடைச்சீட்டின் பின்பக்கத்தில் பேனாவால் வரைவார். மூன்று வருடங்களில் அப்படி உருவானது ‘வூடு தேடுற கொக்கு’. எண்ணூர்க் கழிமுகத்துக் கொக்கு ஒன்று வாடகை வீடு தேடி அலைகிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நிற்கும் ராட்சத கிரேனைச் சொந்தக்காரர் என்று நினைத்து, “பெரிப்பா, ஒரு ஓரமா குந்திக்கினா இன்னா?” என்று கேட்கிறது. கோடுகள் சில இடங்களில் தடுமாறுகின்றன. ஆனால், கேட்கும்போது அந்தக் கொக்கின் கழுத்தில் ஒரு கூச்சம் இருக்கிறது. அது தற்செயலாக வந்ததல்ல.

ஓட்டுநர் பக்ருதீன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவார்.

“இன்னாம்மா, லாரிய எடை போட்டுகினு கீறியா, கொக்கையா?”

“கொக்கு நாப்பது டன்னு பாய். உன் வண்டி லேசு, கெளப்பு.”

முந்நூறு பிரதிகள் அச்சாகிக் கட்டிலுக்கடியில் கிடந்தன. ஓட்டுநர்களைத் தவிர யாரும் படித்திருக்கவில்லை. இன்ஸ்டாகிராமில் பெயர் பெற்றவர்கள் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும், விற்றுவிடும் என்று ஓட்டுநர்கள் சொன்னார்கள். அப்படிப்பட்ட நாற்பத்தொரு பேருக்கு ரமாபாய் செய்தி அனுப்பினார். ஒரு பதிலும் இல்லை. மற்றவர்கள் என்றால் நாற்பத்திரண்டாவது ஆளைத் தேடியிருப்பார்கள். ரமாபாய் தன்மேல்தான் குற்றம் என்று முடிவு செய்தார்.

“போன்ல சொன்னா எவன் கல்யாணத்துக்கு வருவான்? நேர்ல போயி, தட்டு வெச்சி, வாய் நெறையக் கூப்புடணும். முறைன்னு ஒண்ணு கீதுல்ல?”

ராயபுரத்தில் பர்மா நூடுல்ஸ் விற்கும் ஒரு அத்தோ கடையில் சாப்பிட்டபடியே தன்னைப் படமெடுத்துக்கொண்டிருந்த யூடியூபர் மேத்யூவின் முன்னால் முதல் தட்டு நீண்டது. அவர் பதறி எழுந்து, சட்டையில் கையைத் துடைத்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“யாருக்குக்கா கல்யாணம்?”

“கொக்குக்கு.”

“பொண்ணு?”

“அத்த நீதான் பாத்துச் சொல்லணும், நைனா.”

கடையே சிரித்தது. மேத்யூ வாழைப்பழத்தை அங்கேயே உரித்துத் தின்றார். புத்தகத்தைப் பற்றி எங்கும் பேசவில்லை. ரமாபாய் கவலைப்படவில்லை, பத்திரிகை வாங்கியவர்கள் எல்லோருமா வருகிறார்கள்?

ஐந்தாவது தட்டு பகலவனுக்கு. புளியந்தோப்புக்காரர், நான்கு லட்சம் பேர் அவரைப் பின்தொடர்கிறார்கள். நின்றபடியே படித்து, கொக்கு கிரேனைப் ‘பெரிப்பா’ என்று கூப்பிடும் பக்கத்தில் வெடித்துச் சிரித்து, மறுநாளே எடைமேடைக்கு வந்து படம் பிடித்தார். ரமாபாய் புத்தகத்தைக் காட்டிக் கொக்கின் குரலில் ஒரு பக்கம் வாசித்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, தட்டைக் கேமரா முன்னால் நீட்டினார்.

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாலு மணிக்கு, எடைமேடை பக்கத்துல, பட்டம்மா டீக்கடையாண்ட. குடும்பத்தோட வந்துடுங்க. வரலன்னா கோச்சுக்குவேன்.”

பகலவன் போனில் ஓட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“யக்கா, ரொம்ப நீளமா கீது. ஜனம் தள்ளிட்டுப் போய்க்கினே இருக்கும். புக்கு காட்டுறதா, கூப்புட்றதா, ஒண்ணுதான் வெக்க முடியும். புக்கையே வெச்சுடறேன். அதுக்குத்தான இவ்ளோ பேஜாரு?”

ரமாபாய் போனை வாங்கி இரண்டு துண்டுகளையும் ஓட்டிப் பார்த்தார். கொக்கின் குரல் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார்.

“கூப்புட்றத வெய்யி.”

“புக்கு பேரு கூட வராதேக்கா!”

“வெய்யின்றேன்ல.”

“எதுக்குக் கூப்புட்றன்னே தெரியாம எவன் வருவான்?”

ரமாபாய் அதற்குள் டீக்கடைப் பக்கம் திரும்பி, “பட்டம்மா, ஞாயித்துக்கெழமைக்கு வடைக்கு எவ்ளோ பருப்பு ஊறப் போடுவ?” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.