பேர்பெச்சுவா எழுதிய டிரைவர்

நித்தியானந்தன் ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஒரு மருத்துவமனையின் தொலைபேசி நடுவத்தில் வேலை செய்தார். வருகிற அழைப்பை எந்த வார்டுக்கு, எந்த டாக்டருக்கு அனுப்புவது என்று பார்த்து இணைத்துவிடுகிற வேலை. பார்த்து என்பது பேச்சுக்குத்தான். முப்பது வயதுக்குப் பிறகு விழித்திரையில் நோய் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை முழுக்கப் போய்விட்டது. கணினித் திரையில் வருவதை அவர் விரலால் வாசித்தார். விசைப்பலகைக்கு முன்னால் நீளமாக ஒரு பெட்டி இருக்கும். அதன்மேல் ஊசிமுனை போன்ற சிறு புள்ளிகள் எழும்பியும் தாழ்ந்தும் பிரெயில் எழுத்துகளாகும். திரையின் ஒரு வரி அப்படியே அவருடைய விரலுக்குக் கீழே ஓடும்.

2006 வசந்தத்தில் நடுவத்துக் கணினிகளை எல்லாம் லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்துக்கு மாற்றினார்கள். அன்று காலை அவர் கை வைத்தபோது பெட்டி வெறும் பலகையாகக் கிடந்தது. அதைச் செய்த சிறு கம்பனியை எப்போதோ மூடிவிட்டார்கள். புதியதற்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கடிதம் மடித்து உறையில் போடுகிற வேலையைச் செய்யலாமே என்று பொறுப்பாளர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத்தான் நித்தியானந்தனால் தாங்க முடியவில்லை.

"பேர்பெச்சுவாவைக் கேட்டுப் பாருங்கோவன்," என்றாள் மனைவி புஷ்பராணி. "அவ கொம்பியூட்டருக்குள்ளை செய்யிற வேலைதானே செய்யிறா."

பேர்பெச்சுவாவை அவருக்குத் தமிழ்ப் பாடசாலை வாசலில் கேட்கும் குரலாக மட்டுமே தெரியும். வேகமான, கொஞ்சம் கரகரத்த குரல். சனிக்கிழமை பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டபின், புஷ்பராணி அவரையும் பெட்டியையும் அவளுடைய வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பேர்பெச்சுவா பெட்டியைத் தன் கணினியில் செருகினாள். சற்று நேரம் விசைகள் மட்டும் சத்தமிட்டன.

"கேர்னலுக்கு இதை ஆரெண்டே தெரியேல்லை, அண்ணை. டிரைவர் இல்லை."

"டிரைவர் எண்டால்?"

"அசூல் கேட்ட அகதி விசாரணையிலை உங்களுக்கும் அதிகாரிக்கும் நடுவிலை ஒருத்தர் இருந்தவர்தானே, மொழிபெயர்க்க? அவர்தான் டிரைவர். கேர்னல் எண்டால் கொம்பியூட்டரின்ரை நடுமூளை, அதுதான் அதிகாரி. எல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும். உங்கடை பெட்டியின்ரை பாஷை அவருக்கு விளங்காது."

தன்னுடைய விசாரணையில் அந்த மனிதர் சொன்ன ஒரு தவறான தேதிக்காகத் தான் பட்ட பாடு நித்தியானந்தனுக்கு ஞாபகம் வந்தது. "பிழையாச் சொன்னால்?"

"எல்லாம் பிழையாப் போகும்," என்றாள் அவள். "ஆனா நான் எழுதிப் பாக்கிறன். ஏலாது எண்டு இப்பவே சொல்ல எனக்கு விருப்பமில்லை."

பெட்டியின் மொழியைச் சொல்லித்தர ஆள் இல்லை. அதனால் அவள் பழைய மென்பொருளே இருந்த அவருடைய வீட்டுக் கணினியை வாங்கி வைத்துக்கொண்டு, அது பெட்டியோடு என்ன பேசுகிறது என்று ஒட்டுக்கேட்டாள். இந்த எண்ணைச் சொன்னால் இந்தப் புள்ளி எழும்புகிறது, அதைச் சொன்னால் எல்லாம் தாழ்கிறது என்று பல சனிக்கிழமைகள் போயின. அவர் விரலை வைத்தபடி சொல்லிக்கொண்டிருப்பார், அவள் தட்டிக்கொண்டிருப்பாள். டிரைவர் ஒரு வடிவத்துக்கு வந்ததும் அதைக் கேர்னலின் மூலக்கோப்புகளுக்கு நடுவே உரிய இடத்தில் வைத்தாள். எதையெதைக் கட்டவேண்டும் என்ற கோப்பில் ஒரு வரி சேர்த்தாள். தெரிவுப் பட்டியலில் அதற்கென்று ஓர் இடம் போட்டாள். பிறகு முழுக் கேர்னலையும் புதிதாகக் கட்ட விட்டாள். அவளுடைய பழைய இயந்திரத்தில் அது முடிய ஒரு பூசை நேரம், ஏறத்தாழ ஒரு மணிநேரம், பிடிக்கும். விசிறி இரைந்துகொண்டிருக்கும். அவளுடைய கணவர் ஆனந்தராசா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார்.

அந்தக் காத்திருப்புகளில்தான் அவளுடைய கதையை நித்தியானந்தன் கேட்டார். யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பெண். கணிதத்தில் கெட்டி. எண்பத்தைந்தில், பத்தொன்பது வயதில், கிழக்கு பேர்லினில் இறங்கி ரயிலேறி மேற்கே வந்தவள். முதலில் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கினாள். பிறகு ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயம் பற்றவைத்தாள்.

"நான் ஒட்டுற பலகை எங்கை போகுது, என்ன செய்யுது எண்டு கேட்டன். உனக்கேன் எண்டிச்சினம். அதுதான் எனக்குப் பிடிக்கேல்லை."

வேலைவாய்ப்பு அலுவலகமான அர்பைட்ஸாம்ட்டில் போய்க் கணினிப் படிப்புக்குக் கேட்டபோது, முதியோர் பராமரிப்புத்தான் உங்களுக்குப் பொருந்தும் என்றார்களாம். போய்விட்டுத் திரும்பப் போனாள். மறுத்தார்கள். திரும்பவும் போனாள். கடைசியில் கைக்குழந்தையை ஆனந்தராசாவிடம் விட்டுவிட்டு, வகுப்பில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து படித்து முடித்தாள். இப்போது இயந்திரங்களை இயக்கும் சிறு கணினிகளுக்குக் கேர்னல் கட்டும் ஒரு கம்பனியில் வேலை. பெருமையாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. பஸ் தவறிப்போய் அடுத்த பஸ்ஸில் வந்த கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

முதல் கேர்னல் எழும்பியதுமே கணினி உறைந்துபோனது. அவள் சிரித்தாள்.

"என்ரை பிழை. கேர்னல் மூச்சுவிடாமல் ஓடுற இடத்திலை நிண்டு, பெட்டியின்ரை பதிலுக்குக் காத்திரு எண்டு எழுதிப்போட்டன். அங்கை ஒருத்தரும் நிக்கேலாது. மற்ற புரோகிராம் விழுந்தால் அது மட்டும் விழும், அண்ணை. இது விழுந்தால் வீடே விழும்."

அடுத்த சனிக்கிழமை புள்ளிகள் எழும்பின. அந்தச் சின்னக் கிறுகிறுச் சத்தத்தைக் கேட்டதும் அவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். ஆனால் விரலில் ஓடியது அர்த்தமில்லாத குப்பை.

"என்ன எழுதினனீங்கள்?"

"der எண்டு ஜெர்மன் சொல்லை."

அவருக்கு வந்தது f, i, w. திரும்பத் திரும்ப வருடிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நில்லுங்கோ தங்கச்சி. இடப்பக்கத்துப் புள்ளியெல்லாம் வலப்பக்கம் நிக்குது. கண்ணாடியிலை பாக்கிற மாதிரி."

மேசையில் பட்டென்று ஓர் அடி. "ஐயோ, நான் இதை எத்தினை நாளைக்குத் தேடியிருப்பன்!"

ஒரு பூசை நேரம் கழித்து, பிசகாமல் der வந்தது. அதைத் தொடர்ந்து அவள் தட்டிய வாக்கியம் முழுவதும் வந்தது. அன்று கூடவே இருந்த புஷ்பராணி பெரிதாக மூச்சு விட்டாள். பேர்பெச்சுவாவின் குரலிலும் முதல்முறையாக ஒரு துள்ளல் இருந்தது. நித்தியானந்தன் மட்டும் விரலைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்.

"என்ன அண்ணை?"

"இது மிஷின் முழுக்க எழும்பி, ஆராவது உள்ளை போனாப் பிறகுதானே வேலை செய்யுது?"

"ஓம். டிரைவரைப் பிறகு ஏத்திறன்."

"எழும்பேக்கை திரையிலை என்னவோ ஓடுமாமே. பிழை வந்தால் அங்கைதான் சொல்லுமாம். அந்த நேரத்திலை நான் ஆரையாவது கூப்பிட வேணும். இருபது வருசமாக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

கேட்டபிறகு அவருக்கே கூச்சமாக இருந்தது. இவ்வளவு செய்தவளிடம் இன்னும் கேட்பதா? அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீர்க் குழாய் திறந்து மூடியது. கோபித்துவிட்டாள் என்றே நினைத்தார்.

திரும்பி வந்தவள், "நீங்கள் கேட்டது சரி," என்றாள். "வெளியிலை இருந்து ஏத்திற டிரைவர் உதுக்குக் காணாது. கேர்னலுக்குள்ளேயே சேத்துக் கட்டவேணும். பட்டியலிலை M எண்டு போட்ட இடத்திலை Y எண்டு போட்டால் ஒரு எழுத்துத்தான் மாறும். ஆனா அந்த நேரத்திலை எழும்பாத, பெட்டிக்கு வேண்டிய மற்றதுகளையும் இதோடை எழுப்பவேணும். செய்து முடிக்கக் கோடை முடியும், பரவாயில்லையே?"

கோடை முடிந்தது. அந்த மாதங்களில் நித்தியானந்தன் கடிதம் மடித்தார். முறைப்படி அன்ட்ராக்கும் போட்டார், பதிலில்லை. செப்டெம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, மருத்துவமனையின் கணினிப் பொறுப்பாளர் அவருடைய இயந்திரத்தில் மட்டும் பேர்பெச்சுவாவின் கேர்னலைப் போட்டுக்கொடுத்தார். லீவு எடுத்துக்கொண்டு பேர்பெச்சுவாவும் வந்து பின்னால் நின்றாள். நித்தியானந்தன் பொத்தானை அழுத்தினார். சில வினாடிகளில் விரலுக்குக் கீழே புள்ளிகள் துடித்தன. நினைவகம், வன்தட்டு, வலையட்டை என்று வரிவரியாக ஓடியது. ஒரு கணினி கண்விழிப்பதை அவர் வாழ்க்கையில் முதல்முறையாக வாசித்தார். அவை ஓடிய வேகத்தில் சில வரிகள் தவறிப்போயின.

"எல்லாம் சரியா?" என்றாள் அவள்.

"வன்தட்டைக் கனநாளாச் சோதிக்கேல்லையாம். அதைப் பாக்கச் சொல்லுது," என்றார் அவர். கணினிப் பொறுப்பாளரிடம் அதை ஜெர்மனில் திரும்பச் சொன்னார். முதல் அழைப்பு வந்தது. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பேர்பெச்சுவா சத்தமில்லாமல் வெளியே போனதை அழைப்பை முடித்த பிறகுதான் கவனித்தார்.

அவரைக் கேட்டால் அவள் செய்ததில் பெரியது அன்று நடந்ததல்ல, பிறகு நடந்ததுதான் என்பார். கேர்னல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. புதிது வரும்போதெல்லாம் டிரைவரில் ஏதாவது உடையும். ஒவ்வொரு முறையும் அவள் அதைத் திருத்தி, கட்டி, சோதித்துக் கொடுத்தாள். ஒருமுறைகூட அவர் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. அவர் வற்புறுத்தியதால் அதை இணையத்திலும் போட்டு வைத்தாள். 2008இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸிலிருந்து பார்வையற்ற ஓர் ஆசிரியை அவளுக்கு எழுதியிருந்தார். அதே வகைப் பெட்டி அலமாரியில் சும்மா கிடந்ததாம், இந்த டிரைவரால் இப்போது அதில் வாசிக்கிறாராம்.

பேர்பெச்சுவா அதை அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். அவர் ஏதோ நெகிழ்ந்து சொல்லத் தொடங்கினார்.

"அண்ணை, பிறகு கதைப்பம்," என்றாள் அவள். "புதுக் கேர்னலிலை எங்கடை டிரைவர் கூப்பிடுற ஒரு பங்ஷனின்ரை பேரை மாத்திப்போட்டாங்கள். சனிக்கிழமை பெட்டியைக் கொண்டு வாங்கோ."