செத்தவன் ஓடிய மூன்று வினாடி

எடிட்டிங் அறையில் அவருக்குப் பெயரே ‘கத்தரி’தான். ஒரு காட்சி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டால், யார் காலில் விழுந்தாலும் வெட்டித் தள்ளிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் வலிய ஒட்டிவைத்த மூன்று வினாடிதான் ஒரு பையனின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

தியேட்டரில் சக்கைப்போடு போட்ட போர்ப்படத்துக்குப் பத்து வருஷம் கழித்து டி.வி.க்காக இரண்டாம் பாகம் எடுத்தார்கள். இயக்குநர் பையனுக்கு அதுதான் முதல் படம்; எடிட்டிங் கத்தரி. கையில் இருந்ததோ நாலு ஜீப்பும் நிறையப் புகையும். சண்டைக்குப் பழைய படத்திலிருந்தே துண்டுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது சேனல்.

அந்தப் பழைய படத்தில், பாலத்தில் குண்டடிபட்டுச் சாகும் சிப்பாயாக நடித்தது கத்தரியின் கூடப்பிறந்த தம்பி. அடுத்த வருஷமே சாலை விபத்தில் நிஜமாகவே போய்ச் சேர்ந்தான். படம் டி.வி.யில் வரும்போதெல்லாம், பாலம் வந்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இயக்குநர் பார்த்துச் சரி சொன்ன பிறகு, பிரதியை அனுப்புமுன், பழைய படத்தில் தம்பி வயலில் ஓடிவரும் துண்டைக் கடைசிச் சண்டையில் சொருகினார் கத்தரி. அம்மாவுக்காகத்தான். இந்தப் புகையில் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்தார்.

ஊரே கவனித்தது. “செத்தவன் ஓடறான் பாரு!” என்று போன் வைத்திருந்தவனெல்லாம் அதை அனுப்பிச் சிரித்தான். முதல் பாகத்தையே பார்க்காத இயக்குநர் என்று எழுதியது ஒரு பத்திரிகை. சேனல் அடுத்த படத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தது. ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கத்தரி வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன.

ஆறு மாதம் கழித்து அம்மா பிடிவாதமாக நின்றாள். “அந்தப் படம் எடுத்த தம்பிக்குப் போன் போடுடா. என் புள்ளைய பாலத்தோட விடாம காப்பாத்திட்டாரு. ஒரு வார்த்தை சொல்லணும்.”

சாக்குப்போக்கு எதுவும் எடுபடவில்லை. கத்தரி போனோடு வாசலுக்கு வந்தார். கடைகளுக்கு விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்த இயக்குநர் உடனே எடுத்தான்.

“தம்பி... அந்த ஷாட்டை வெச்சது நான்தான்.”

“தெரியும்ணே. உங்க டேபிள்ல உங்க தம்பி போட்டோவ தினமும் பாத்தவன்தானே நான்.”

“அப்புறம் ஏம்பா யார்கிட்டயும் சொல்லல?”

“நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்ணே.”

பின்னாலேயே வந்த அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீ நல்லா இருப்பே ராசா,” என்றாள். “இன்னும் நெறைய படம் எடுப்பே.”